சேற்றாளின் குரல்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாதி மனிதனும் பாதி தவளையுமான ஒரு சதுப்புநிலப் பிராணி என் குரலில் பேசியது. பேச வைத்தவள் என் மகள் யாழினி. கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொடுமை என்னவென்றால், நானும் சிரித்தேன்.

பினாங்கிலிருந்து ஒருவன் எழுதுகிறான் என்றால் மலை ரயிலும் நாசி கண்டார் சோறும் தைப்பூசத் தேரும் வரும் என்று ஊரில் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இங்கே நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல மனநிலையில் இருக்கும் யாரையாவது அதை எழுதச் சொல்லுங்கள். எனக்கு அன்றிலிருந்து வாயில் கசப்பு போகவில்லை.

இந்த மாதத்தோடு நாங்கள் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் கோவில்பட்டிக்காரன். பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மனைவி சுமதி. வரும்போது ஏழு வயதாயிருந்த யாழினிக்கு இப்போது பதினாறு. மலாய், ஆங்கிலம், கொஞ்சம் சீனம் என்று வெளுத்துக்கட்டுகிறாள். வீட்டில் என்னிடம் பேசுவது மட்டும் மூன்றே வசனம்தான்: ‘ம்’, ‘தெரியல’, ‘வைஃபை போச்சு’.

சனிக்கிழமை அந்த மேசையில் உட்கார்ந்தால்தான் என்னை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்பாள். “கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குப்பா?” அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் வாரம் முழுக்கச் சில்லு எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

2

என்ன மேசை என்று சொல்ல வேண்டும். இது ஒரு விளையாட்டு. தாயம் மாதிரிக் கட்டம் கிடையாது, ஜெயிப்பவர் தோற்பவர் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், சூனியக்காரி, திருடி. ‘நீங்கள் ஒரு பாலத்துக்கு வந்து சேர்கிறீர்கள்’ என்று கதை சொல்பவர் சொன்னால், பாலத்தில் என்ன செய்வது என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டுவார்கள், பெரிய எண் விழுந்தால் முடியும். அவர்களைத் தவிர அந்த உலகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும், ராஜாவிலிருந்து எலி வரைக்கும், கதை சொல்பவர்தான் குரல் கொடுக்க வேண்டும். அதுதான் முறை.

ஜார்ஜ்டவுனில் மார்க்கெட் தெருவுக்குப் பின்னால் குணாவின் சித்தப்பாவுக்கு மசாலாக் கிடங்கு இருக்கிறது. அதன் மாடியில்தான் ஆட்டம். குணா இந்த ஊரிலேயே பிறந்த தமிழன், முப்பது வயது, கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு ஆலையில் மேற்பார்வையாளர். தர்ஷினி யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. பிரவின் கல்லூரி மாணவன். நான்காவது ஆள் யாழினி. நான் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு ஓரமாகப் பேப்பர் படிப்பவனாக இருந்தேன்.

கதை சொல்லிக்கொண்டிருந்த குணாவுக்கு ஒரு நாள் அலுத்துவிட்டது. “அண்ணே, எப்பப் பாத்தாலும் நானே கதை சொன்னா நான் எப்ப விளையாடறது? நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க, சொல்லுங்க லா.” இந்த ஊரில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘லா’ சேர்ப்பார்கள்.

அடுத்த வாரம் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். கிழக்கே ஒரு குகை, குகைக்குள் ஒரு பாம்பு, பாம்புக்கு அடியில் ஒரு கிரீடம். ராத்திரியெல்லாம் யோசித்தது. உட்கார்ந்ததும் பிரவின் சொன்னான்:

“அங்கிள், நாங்க குகைக்குப் போகல. பக்கத்து ஊருக்குப் போய் பசியாறப் போறோம்.”

“எந்த ஊருப்பா?”

“அது நீங்கதானே சொல்லணும்.”

மூன்று பக்கமும் வீண். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். எழுதிக்கொண்டு போகக் கூடாது. ஊருக்குள் நுழைந்தால் வாசலைச் சொல், நாற்றத்தைச் சொல், ஏதோ ஒன்று அவசரமாக வேண்டியிருக்கிற ஒரு ஆளைச் சொல். மிச்சத்தை அவர்களே கட்டிக்கொள்வார்கள். காட்டுக்குள் போனால் மழையைக் கொண்டுவா, அது போதும், பாதி நேரம் கூடாரம் அடிப்பதிலேயே போய்விடும். கடல்மேல் கட்டை நட்டுக் கட்டியிருக்கும் சீனர்களின் படகுத்துறைக் குடியிருப்பை அப்படியே தூக்கி ஒரு கொள்ளைக்காரர்களின் ஊராக்கினேன். டுரியான் பழத் தோட்டத்தை, வாசத்தாலேயே ஆளை மயக்கும் காடாக்கினேன். பாலைவனம் வேண்டியிருந்தபோது எங்கள் ஊர் பைபாஸை எடுத்துப் போட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அவசரத்துக்கு ஒரு ராட்சசனுக்குப் பெயர் கிடைக்காமல், கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரான ‘நாலாட்டின்புத்தூர்’ பெயரை வைத்தேன். பிரவின் நிஜமாகவே பயந்தான்.

எனக்கு வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, வந்தது. காரில் திரும்பும்போது யாழினி, “அந்த ராட்சசன் செத்துட்டானா இல்லையாப்பா?” என்று கேட்பாள். பாயான் லெப்பாஸ் நெரிசலில் தொழிற்சாலை பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே, “எனக்கே தெரியாது” என்பேன். அதற்குச் சிரிப்பாள்.

3

இனி வேறொரு இடம். வேலை அனுமதியைப் புதுப்பிக்க நானும் வருடா வருடம் குடிவரவு அலுவலகத்தில் ஒரு கவுன்டர் முன்னால் நிற்கிறேன். எண் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எண் வந்ததும் எழுந்து போனால் காகிதங்களில் ஏதாவது ஒன்று குறையும். படத்தின் பின்னணி நீலமாக இருக்க வேண்டும், என்னுடையது வெள்ளை. அதைச் சரிசெய்து கொண்டுபோனால் நகலில் ஒரு மூலை மங்கல். கவுன்டரில் இருந்தவர்கள் யாரும் என்னிடம் மரியாதைக்குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. இதில் பிறரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னைச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடி முன் போனதும் என் உடம்பு என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்யும். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். ஒரு கை மற்றதன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும். கழுத்து ஒரு பக்கம் சாயும். மேல்பல் தெரிய ஒரு இளிப்பு வரும். தொழிற்சாலையில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவன் நான். அங்கே நிற்பவன் யாரென்று எனக்கே தெரியாது. அரைகுறை மலாயில் தொடங்கி, வார்த்தை தீர்ந்ததும், “சார், கொஞ்சம் பாருங்க சார்” என்று தமிழிலேயே முடிப்பேன். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது.

யாழினிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு முறை அவளும் வர வேண்டியிருந்தது. மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து காதில் பாட்டைச் சொருகிக்கொண்டாள். “கூட வந்தவர் யார்?” என்று கவுன்டரில் கேட்டபோது நான் திரும்பிக் கையைக் காட்டினேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்தாள். அறிவிப்பில் சிகரெட் பிடிக்காதீர் என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

4

அந்தச் சனிக்கிழமைக் கதையில் அவர்கள் கையிலிருந்ததையெல்லாம் கொள்ளைக்காரர்களிடம் தொலைத்துவிட்டு, மதில் சூழ்ந்த ஒரு நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மதிலுக்கு வெளியே சதுப்பு நிலம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று குணா கேட்டான். அந்த நிமிடம்வரை யாருமில்லை. கேட்டதால் உண்டாக்கினேன்.

“சேற்றாட்கள். விரலுக்கு நடுவில் சவ்வு இருக்கும். காலையில் நண்டுக்கூடையோடு வாசலில் வரிசையாக நிற்பார்கள். அனுமதிச் சீட்டு இருந்தால்தான் நகரத்துக்குள் விடுவார்கள்.”

“எப்படிப் பேசுவாங்க அங்கிள்?” என்றான் பிரவின்.

நான் யோசித்தேன். தொண்டையிலிருந்து பேசலாமா, குமிழி விடுகிற மாதிரிப் பேசலாமா? அதற்குள் யாழினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அப்பா, இருங்க, நான் பண்றேன்!”

ஆட்டப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தைச் சாய்த்தாள். மேல்பல் தெரிந்தது.

“சார்… வணக்கம் சார்… தப்பா எடுத்துக்காதீங்க சார்… போன வாரமே வரச் சொன்னீங்க சார்… போட்டோ நீலந்தான் சார்… கொஞ்சம் பாத்து செய்ங்க சார்…”

பிரவின் மேசையைத் தட்டினான். குணா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கில் ஏறியது. தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அலாமாக், அப்படியே ஊர்க்காரன் லா!” என்றாள்.

அலாமாக் என்றால் ‘ஐயையோ’. ஊர்க்காரன் என்றால் இங்கே இந்தியாவிலிருந்து வந்தவன். சொன்ன பிறகுதான் நான் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. “சாரி அங்கிள், உங்கள சொல்லல.”

அந்தச் சிரிப்பையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்த ‘உங்கள சொல்லல’ இருக்கிறதே, அதைக் கேட்டபோது சாக்கடைத் தண்ணீர் காலில் பட்ட மாதிரி இருந்தது. வேறு யாரைச் சொன்னாய் அம்மா? உணவுக்கடையில் தட்டுக் கழுவுகிறவனையா? அவனென்றால் சிரிக்கலாமா? உன் பாட்டன் கப்பலிலிருந்து இறங்கியபோது எப்படிப் பேசினான் என்று யாராவது சொன்னார்களா? இதையெல்லாம் கேட்டேனா என்றால், இல்லை. “பரவால்லம்மா” என்றேன். சிரித்தேன். மேல்பல் தெரியத்தான் சிரித்திருப்பேன்.

மிச்ச நேரம் முழுக்க அவர்கள் சேற்றாளைத்தான் கூப்பிட்டார்கள். வழி கேட்க ஒரு சேற்றாள், படகுக்கு ஒரு சேற்றாள். எல்லாருக்கும் அதே குரல். என் மகள் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று செய்தாள். அவ்வளவு உற்சாகமாக நான் அவளைப் பார்த்து வெகு நாளாகிறது.

5

காரில் அவள்தான் முதலில் பேசினாள்.

“இன்னிக்கு செம ஆட்டம்ல?”

“அந்தக் குரலை எங்க கத்துக்கிட்ட?”

“எந்தக் குரல்?”

“சேற்றாள்.”

“சும்மா வந்திச்சுப்பா. எல்லாரும் அப்படிப் பண்ணுவாங்க. ஸ்கூல்லகூட பண்ணுவாங்க.”

“ஸ்கூல்ல யாரை வெச்சுப் பண்ணுவாங்க?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்னால் போன பஸ்ஸில் எங்கள் தொழிற்சாலைச் சீருடை போட்ட பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்னை வெச்சுத்தான். வந்த புதுசுல. நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க. அப்புறம் நானே பண்ண ஆரம்பிச்சேன். அவங்கள விட நல்லாப் பண்ணுவேன். அதுக்கப்புறம் யாரும் என்னைப் பண்ணல.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“சொன்னா நீங்க ஸ்கூலுக்கு வந்து பேசுவீங்க.”

அது என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. வந்து பேசினால் எப்படிப் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஊரில் இருக்கிற நீங்கள் இந்த இடத்தில், ‘பாவம், வெளிநாட்டில் இப்படியா?’ என்று உச்சுக்கொட்டுவீர்கள். கொட்ட வேண்டாம். அந்த வாரமே ஊருக்கு போன் போட்டேன். அக்கா வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்கே இப்போது ஒடிசா ஆட்கள்தான் அதிகம். “மாப்ளே, நம்ம ஆளு தமிழ் பேசுததக் கேக்கியா?” என்று சொல்லி, எனக்கு முன்னப்பின்னத் தெரியாத ஒரு மனுஷன் கையில் போனைக் கொடுத்தார். “சொல்லுடே, சோறு எப்படிக் கேப்ப?” அந்த மனுஷன் ஏதோ சொன்னான். அத்தான் இடிஇடியெனச் சிரித்தார். அந்த மனுஷனும் சிரித்தான். அவன் ஏன் சிரித்தான் என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். போனை வைப்பதற்கு முன் அத்தான், “நீ என்னடே, வரவர ‘லா லா’ன்னு பேசுத?” என்று என்னையும் ஒரு கடி கடித்தார்.

இரண்டு ஊரும் சேர்ந்து என்னைக் குமட்ட வைத்த வாரம் அது.

வெள்ளிக்கிழமை சுமதியிடம், “நாளைக்கு நான் போகல” என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“போகாதீங்க. அவ பஸ்ஸுல போய்க்கிடுவா. கதைய அந்தக் குணா சொல்லுவான். உங்களுக்குத்தான் வீட்டுல ஒண்ணும் இருக்காது.”

நான் மேசையைவிட்டு எழுந்தால் என் மகள் எனக்கு ‘ம்’ ஆகவும் ‘தெரியல’ ஆகவும் மட்டும்தான் மிஞ்சுவாள் என்பதைச் சுமதி துணி மடிக்கிற நேரத்துக்குள் சொல்லிவிட்டாள்.

6

போனேன். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. எழுதிக்கொண்டு போகக் கூடாது என்ற என் சட்டத்தை நானே மீறி, ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ‘ராத்திரி பெய்த மழையில் சதுப்பு நிலம் முழுக்க வெள்ளத்தில் போய்விட்டது, ஒரு சேற்றாளும் மிஞ்சவில்லை.’ கதை சொல்பவன் சொன்னால் சொன்னதுதான். ஒரு மூச்சில் அத்தனை பேரையும் ஒழித்துக்கட்டிவிடலாம். அதைச் சொல்லும்போது தர்ஷினியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அவ்வளவு அற்பமான சந்தோஷம்.

அவர்கள் எனக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டார்கள். கையில் காசில்லாத வீரர்கள் அல்லவா, நகர வாசலில் ஒரு நாள் காவல் வேலை கேட்டார்கள். எங்கும் நடப்பதுதானே, கொடுத்தேன். மேசையில் இரண்டு தீப்பெட்டியை நிறுத்தி வாசல் ஆக்கினோம். உள்ளே அவர்களுடைய பாத்திரங்களுக்கான சின்னப் பொம்மைகள். வெளியே சேற்றாட்களுக்குக் கிடங்கிலிருந்து எடுத்த புளியங்கொட்டைகள்.

“சேத்து அண்ணன் வரட்டும்! யாழி, வா வா,” என்றான் பிரவின்.

யாழினி எழவில்லை. “இன்னிக்கு நான் பண்ணல.”

“ஏன்?”

“தொண்ட சரியில்ல.”

“அப்ப அங்கிள் பண்ணுங்க. உண்மையில அது உங்க வேலதானே,” என்றான் குணா. அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. முறை அதுதான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளம் நாக்கு நுனியில் இருந்தது. யாழினி என்னைப் பார்க்கவில்லை, பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சிகரெட் பிடிக்காதீர் என்ற அறிவிப்பைப் படித்த முகம்.

நான் ஒரு புளியங்கொட்டையை வாசலுக்கு நகர்த்தினேன். கழுத்தைச் சாய்க்கவில்லை. இளிக்கவில்லை. தொண்டையை மாற்றவில்லை. வீட்டில் எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசினேன்.

“தம்பி, விடியக்காலமே வந்து நிக்கேன். நண்டு செத்துப் போயிரும். வீட்டுல புள்ள ஒத்தையில இருக்கா. உள்ள விட்டீங்கன்னா வித்துட்டுப் பொழுது சாயமுன்ன போயிருவேன்.”

சிரிப்பு வெடித்தது. பிரவின் கைதட்டினான். “பெர்ஃபெக்ட் அங்கிள்! யாழிய விட நீங்க பெட்டர் லா!”

அது என் குரல். அதில் நான் ஒரு உப்புக்கல்கூடச் சேர்க்கவில்லை. ஒன்பது வருடமாக இந்த ஊரில் இதே குரலில்தான் வணக்கம் சொல்லியிருக்கிறேன், தேத்தண்ணி கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் போல.

“சீட்டு எங்க?” என்றான் பிரவின், வாள்வீரனின் குரலில்.

“சீட்டு இல்ல தம்பி.”

“அப்ப ஓரமா போ லா!”

மறுபடியும் சிரிப்பு. காவலாளியின் மனம் இளகுமா என்று பார்க்க சேற்றாளுக்காக நான் பகடையை உருட்டினேன். மூன்று விழுந்தது. இருபதில் மூன்று. “முடிஞ்சது அண்ணே, போகச் சொல்லுங்க,” என்றான் குணா.

யாழினி கையை நீட்டினாள். அவள் முறை இல்லை. புளியங்கொட்டையை எடுத்து, இரண்டு தீப்பெட்டிக்கும் நடுவில் கொண்டுவந்து, தன்னுடைய திருடிப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அவரு என்கூட வந்தவரு,” என்றாள்.

“ஏய், ரோல் பண்ணு டுலு. சும்மா உள்ள விட முடியாது,” என்று பிரவின் பகடையை எடுத்து நீட்டினான். முதலில் பகடையை உருட்டு என்கிறான்.

“ரோல் வேணாம். என்கூட வந்தவருன்னு சொல்றேன்ல.”

அவள் குரல் உயரவில்லை. ஆனால் பிரவின் பகடையைக் கீழே வைத்துவிட்டான். தர்ஷினி என்னைப் பார்த்தாள், யாழினியைப் பார்த்தாள், பிறகு தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அதற்காக நான் அவளை மன்னித்துவிடவில்லை. இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

“அப்பா,” என்றாள் யாழினி. நேராக என்னைத்தான் பார்த்தாள். “வாசலுக்கு உள்ள என்ன இருக்கு?”

எனக்குத் தெரியாது. அதை நான் எழுதிக்கொண்டு போகவில்லை. வாசல் திறந்தது என்று சொன்னேன். வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.